கோள்கள் எட்டா, பதின்மூன்றா? ‘பாதையோங்கல்’ என்ற சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வானியல் கலைச்சொற்கள் பற்றிய இந்த உரையாடல் இழை, குறுங்கோள் (dwarf planet), சிறுகோள் (asteroid) ஆகிய இரண்டில் எது எதற்குப் பொருந்தும் என்பதைச் சுற்றியே போய்க்கொண்டிருக்கிறது. (கீழே மேற்கோளாகத் தனித்து நிற்கும் வரிகள் இழையில் நண்பர்கள் எழுதியவை.) சிக்கல் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோள்கள் எட்டுதான் என்று நம்மைச் சொல்ல வைப்பது, பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் ஏற்ற வரையறையின் மூன்றாவது நிபந்தனை. அதற்கு நம்மிடம் நிலைத்த சொல் இல்லை. ஒவ்வொரு கட்டுரையிலும் ஆளுக்கொரு வாக்கியம் எழுதிக் கடந்துவிடுகிறோம். படிப்பவருக்கோ, புளூட்டோ சிறியதாக இருந்ததால் கோள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்ற எண்ணமே மிஞ்சுகிறது.

மூன்று நிபந்தனைகளையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். கோள் என்பது சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு நிறை இருக்க வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தை விலக்கித் தீர்த்திருக்க வேண்டும். முதல் நிபந்தனையில் விவாதமில்லை. இரண்டாவதற்கு ‘நீர்நிலைச் சமநிலை’ என்று எழுதுகிறோம். நீரே இல்லாத பாறை உருண்டைக்கும் அதைச் சொல்லும்போது மாணவர்கள் குழம்புகிறார்கள். ‘ஈர்ப்புத் திரட்சி’ போதும் என்பேன். திரட்சி என்றால் ஒன்றுசேர்தல், உருண்டு அமைதல் இரண்டுமே; இங்கே நடப்பதும் அந்த இரண்டும்தான். அதைத் தனி இழையில் பேசலாம்.

> மூன்றாவது நிபந்தனைக்குச் ‘சுற்றயல் துப்புரவு’ என்பதே நேரான பெயர்ப்பு.

நேரானதுதான், ஆனால் ‘clearing the neighbourhood’ என்ற ஆங்கில மூலத்தில் இருக்கும் குறையையும் அப்படியே கொண்டுவருகிறது. துப்புரவு என்றால் எதுவும் மிஞ்சக்கூடாது. வியாழனின் பாதையில் அதற்கு முன்னும் பின்னுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டிரோஜன் சிறுகோள்கள் ஓடுகின்றன. புவிக்கு அருகே வந்துபோகும் சிறுகோள்களில் இதுவரை கண்டறிந்தவை மட்டும் முப்பதாயிரத்தைத் தாண்டும். நெப்டியூனின் பாதைக்குள் புளூட்டோவே நுழைகிறது. 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு நெருக்கமாக இருந்தது. அப்படியானால் நெப்டியூனும் துப்புரவாக்கவில்லையே, அது மட்டும் எப்படிக் கோளாகும் என்று வாசகர் கேட்பார். 2006 முதல் இந்தக் கேள்வி கேட்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. சொல் சரியாக அமைந்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

அந்த நிபந்தனைக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல், எத்தனை பொருள்கள் மிச்சம் என்று எண்ணுவதல்ல. அந்த வட்டாரத்தில் யாருடைய ஈர்ப்பு மற்றவற்றின் போக்கை முடிவு செய்கிறது என்று பார்ப்பது. வியாழனின் டிரோஜன்கள் வியாழன் பிடித்துவைத்த இடத்தில் நிற்கின்றன. நெப்டியூன் சூரியனை மூன்று முறை சுற்றும் காலத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. அந்தத் தாளத்தைப் பிடித்துவைத்திருப்பது நெப்டியூன். நெப்டியூனின் நிறை புளூட்டோவைப் போல ஏறத்தாழ 7,800 மடங்கு. ஆக, புளூட்டோ குறுக்கே வருவது நெப்டியூனின் தோல்வி அல்ல, அதன் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கே சான்று.

இதை எண்ணாலும் காட்டியிருக்கிறார்கள். வானியலாளர் ஸ்டீவன் சோட்டர் 2006 இல் ஓர் அளவை முன்வைத்தார்: ஒரு பொருளின் நிறையை, அதன் பாதை வலயத்தில் உள்ள மற்ற எல்லாவற்றின் மொத்த நிறையால் வகுத்துப் பாருங்கள். புவிக்கு விடை ஏறத்தாழ 17 லட்சம். நெப்டியூனுக்கு ஏறத்தாழ 24 ஆயிரம். குறுங்கோள்களான செரெஸ், ஏரிஸ், புளூட்டோ மூன்றுக்கும் ஒன்றைவிடக் குறைவு. புளூட்டோவுக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுவே யாருமே இல்லை. இயற்கையே இவ்வளவு அகலமான இடைவெளி விட்டிருக்கும்போது, இந்த எல்லைக்கோட்டை மனிதர் தம் விருப்பத்துக்கு இழுத்தது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

> ‘பாதையாட்சி’ என்று வைக்கலாம். மக்களாட்சி, சொல்லாட்சி போல எளிதில் ஒட்டும்.

கருத்து மிகச் சரி. பொருளைச் சரியாகத் தொட்ட முதல் முன்மொழிவு இதுதான். என் தயக்கம் ஒன்றே: ‘ஆட்சி’ சோதிடத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய சொல். ஆட்சி, உச்சம், நீசம் என்ற வரிசை தமிழ் படிக்கும் எவருக்கும் தெரியும். ‘வியாழன் ஆட்சி பெற்ற கோள்’ என்று அறிவியல் கட்டுரையில் எழுதினால், பாதி வாசகர் அதை இராசிக் கட்டத்தில் வைத்துத்தான் படிப்பார்கள். கோள் என்ற சொல்லுக்கே அந்தச் சுமை இருக்கிறது. சோதிடத்தின் ஒன்பதில் ஞாயிறும் திங்களும் இராகுவும் கேதுவும் உண்டு, புவி இல்லை. பாடநூல்களில் நெடுங்காலம் இருந்த ஒன்பதில் புவியும் புளூட்டோவும் உண்டு. எண் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒரே பட்டியல் என்று நினைப்பவர் இன்றும் பலர். இன்னொரு சோதிடச் சொல்லைச் சேர்த்து அந்தக் குழப்பத்தை வளர்க்க வேண்டாம்.

என் முன்மொழிவு: பாதையோங்கல்.

உயிரியலில் ஓங்குதன்மை, ஒடுங்குதன்மை என்ற இணை பள்ளிப் பாடம் வரை வந்துவிட்டது. எனவே ‘ஓங்கு’ என்பதற்கு ‘மற்றதை மீறித் தன் பண்பை நிலைநாட்டுதல்’ என்ற கலைச்சொல் பொருள் ஏற்கனவே புழக்கத்தில் உள்ளது. பேச்சு வழக்கிலும் ‘அவர்கள் கை ஓங்கியது’ என்றால் எதிர்த்தரப்பு அழிந்துவிட்டது என்று யாரும் கொள்வதில்லை. எதிர்த்தரப்பு இருக்கிறது, ஆனால் முடிவு அவர்கள் கையில் இல்லை என்றே கொள்கிறோம். டிரோஜன்களும் புளூட்டோவும் சரியாக அந்த நிலையில் உள்ளவை.

ஒரு கலைச்சொல்லுக்கு அழகைவிடக் கிளைக்கும் ஆற்றல் முக்கியம். இது கிளைக்கிறது: பாதையோங்கல் அளவு, பாதையோங்கல் வரம்பு, ஓங்குகோள், ஓங்காக்கோள். ஓங்குமலை, ஓங்குபுகழ் போல ‘ஓங்குகோள்’ வினைத்தொகையாக நாவில் தடையின்றி அமர்கிறது. இந்தப் பிரிவினை நம் கண்டுபிடிப்பும் அல்ல. கோள் ஆய்வாளர்களான ஆலன் ஸ்டெர்னும் ஹெரால்டு லெவிசனும் 2000-களின் தொடக்கத்திலேயே உருண்டையான பொருள்கள் அனைத்தையும் கோள் என்று அழைத்து, அவற்றுக்குள் வட்டாரத்தில் மேலோங்கியவை, மேலோங்காதவை என்று இரண்டு வகை காட்டினார்கள். அதே ஸ்டெர்ன் 2006 வரையறையைக் கடுமையாக எதிர்த்தார். 2015 இல் புளூட்டோவைக் கடந்துசென்ற நியூ ஹொரைசன்ஸ் விண்கலப் பணிக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. அவர் மறுத்தது அந்த இயற்பியல் பிரிவை அல்ல, ஒரு பகுதியைக் கோளே அல்ல என்று தள்ளியதை.

> இடத்தைப் பொறுத்து மாறும் தன்மையை வைத்து ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கலாமா?

இழையில் வந்த கேள்விகளில் இதுவே ஆழமானது. புவியை எடுத்துச் சூரியனிலிருந்து மிகத் தொலைவில் வைத்தால், சூரியக் குடும்பத்தின் வயதுக்குள் அதனால் தன் வலயத்தை அடக்கியிருக்க முடியாது. பொருள் மாறவில்லை, வகை மாறுகிறது. அதனால்தான் ‘கோள்’ என்ற பெயர்ச்சொல்லைப் பொதுவாக விட்டுவிட்டு, இடத்தால் வரும் பண்பை அடைமொழியில் வைக்கச் சொல்கிறேன். எரிமலை, வளிமண்டலம், பனிப்பாறை பற்றி எழுதுபவருக்கு உருண்டையான உடல் போதும். அவர் புளூட்டோவைக் கோள் என்றே எழுதட்டும். சூரியக் குடும்பம் எப்படி அமைந்தது என்று எழுதுபவர் ஓங்குகோள் எட்டு என்று எழுதட்டும். ‘குறுங்கோள்’ ஒன்றியத்தின் அதிகாரப்பூர்வ வகைக்கு உரிய பெயராக நிற்கட்டும்: செரெஸ், புளூட்டோ, ஹௌமியா, மாக்கேமாக்கே, ஏரிஸ். ஆனால் குறுமை வகையின் காரணம் அல்ல என்பதை எழுதும் இடத்திலெல்லாம் நினைவில் வைப்போம். புதனின் விட்டம் 4,879 கிலோமீட்டர். வியாழனின் துணைக்கோளான கனிமீடு 5,268 கிலோமீட்டர். அளவே அளவுகோல் என்றால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்.

எண்ணிக்கை மாறுவது புதிதும் அல்ல. 1801 சனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் வானியலாளர் பியாட்சி செரெஸைக் கண்டபோது அது கோளாகவே வரவேற்கப்பட்டது. பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா, அஸ்ட்ரேயா தொடர்ந்தன. 1846 இல் நெப்டியூனும் சேர, கூட்டிப் பார்த்தால் 13. சில ஆண்டுகளில், செரெஸ் இருக்கும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் மேலும் மேலும் பொருள்கள் கிடைத்ததும், தனித்து நிற்பவை வேறு, கூட்டத்தில் ஒன்றானவை வேறு என்று வானியலாளர் பிரித்தார்கள். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கைப்பர் பட்டையில் 1992 முதல் பொருள்கள் கிடைக்கத் தொடங்கி, 2005 இல் புளூட்டோவைவிட நிறை மிகுந்த ஏரிஸ் அறிவிக்கப்பட்டபோது நடந்தது அதே கதைதான். இன்று எட்டையும் ஒன்றியம் ஏற்ற ஐந்து குறுங்கோள்களையும் சேர்த்தாலும் 13 வருகிறது, வேறு 13. இரண்டு முறையும் வானியலாளரை முடிவெடுக்கத் தூண்டியது ஓங்கல் இல்லை என்ற உண்மையே. சொல் மட்டும் அப்போது இல்லை.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே 2006 வரையறை செல்லாது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேற்றுவிண்மீன் கோள்கள் அதன் வாசலில் நிற்கின்றன. அவற்றின் உருண்மையை நேரில் பார்க்க வழியில்லை. ஆனால் விண்மீனின் நிறை, கோளின் நிறை, சுற்றுக்காலம் மூன்றும் தெரிந்தால் ஓங்கலைக் கணக்கிடலாம் என்று 2015 இல் வானியலாளர் ழான்-லுக் மார்கோ காட்டினார். அதாவது, விண்மீன்களுக்கெல்லாம் பொதுவாகச் சோதிக்கத்தக்க நிபந்தனை இந்த மூன்றாவதுதான். அதற்குச் சொல் தேவை என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம். எந்த விண்மீனையும் சுற்றாமல் திரிபவற்றுக்குப் பாதை வலயமே இல்லை. அவற்றிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. அவற்றைத் ‘தனிக்கோள்’ என்று விடலாம்.

வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

பாதையோங்கல் – ஒரு கோள் தன் சுற்றுப்பாதை வலயத்திலுள்ள மற்றப் பொருள்களை ஈர்த்துச் சேர்த்தோ, வெளியே வீசியோ, தன் போக்குக்கு இசைய வைத்தோ, அவ்வலயத்தில் தன் ஈர்ப்பே முடிவு செய்யும் நிலையை அடைதல்.

‘ஓங்காக்கோள்’ சொல்லும்போது சற்றுக் கரடாக இருக்கிறது என்று தோன்றினால் மாற்று தாருங்கள். ‘ஒடுங்குகோள்’ மட்டும் வேண்டாம். நெப்டியூனின் தாளத்துக்கு இசைந்தாலும் புளூட்டோ ஒடுங்கிவிடவில்லை. அதற்கே ஐந்து துணைக்கோள்கள் இருக்கின்றன.

அன்புடன்.