புதிதாக ஆய்வகம் தொடங்கியவர்கள் நாடு முழுக்கச் சேர்ந்து வேலை செய்ய என்ன வழி?

கொழிஞ்சாம்பாறை:
பாலக்காட்டுப் பக்கம் ஆய்வகம் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அட்டப்பாடி ஊர்களில் அரிவாள் செல் ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) பற்றி வேலை. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் அதே மரபணு மாற்றம்தான், ஆனால் அண்ணன் வலி வந்து மாதாமாதம் ஆஸ்பத்திரியில் படுக்கிறார், தம்பி ஆடு மேய்க்கப் போகிறார். கரு ஹீமோகுளோபின் (கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின், சிலருக்குப் பிறந்த பிறகும் கூடுதலாக இருக்கும்) அளவு ஒரு காரணம், அது மட்டும் போதவில்லை. 1952லேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரியில் பார்த்துச் சொன்ன நோய் இது. 2023ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் இலக்கு 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, சரி, ஆனால் இந்த அண்ணன் தம்பி கேள்விக்குப் பதில் கிடைக்க வயநாடு, கூடலூர், ஜார்க்கண்ட் என்று பல ஊர் ரத்த மாதிரிகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு பயிலரங்கில் என்னைப் போல இருபது பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இப்போது அதில் ஓணம், பொங்கல் வாழ்த்து மட்டும்தான் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

செங்கோட்டை_சங்கர்:
நார்வேயின் ஆஸ்லோவில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆக இருந்தபோது பார்த்தது இது. அங்கே மூலக்கூறு மருத்துவ மையத்தில் இளம் குழுத் தலைவருக்கு 5 வருடம், மதிப்பீட்டில் தேறினால் இன்னும் 4, அதற்குமேல் கிடையாது. வேறு இடம் போகிறவர் பழைய தொடர்புகளோடுதான் போகிறார். நார்வேயின் மற்றப் பல்கலைக்கழக இளைஞர்களையும் அந்த மையம் இணை ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி, ஸ்வீடனின் ஊமெயோ, டென்மார்க்கின் ஓர்ஹுஸ் மையங்களும் கூட்டு. இந்தியாவில் நம்மிடமும் ஆள் இருக்கிறார்கள், 2009 முதல் இளம் ஆய்வாளர் சந்திப்பும் நடக்கிறது. சந்திப்பு முடிந்த மறுநாள் யார் யாருக்கு மாதிரி அனுப்புவது என்று பார்க்க ஒரு முழுநேர ஆள் இல்லை. முதல் நிதி விண்ணப்பத்தில் கருவி கேட்காதீர்கள், அந்த ஆளுக்குச் சம்பளம் கேளுங்கள்.

காட்பாடி_டாக்டர்:
தம்பி, முதலில் மாதிரி எடுக்கும் முறையை ஒன்றாக்குங்கள். நாங்கள் மூன்று ஊரில் ரத்தம் எடுத்தோம். ஒரு ஊரில் இரண்டு மணி நேரத்தில் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) பிரித்துவிட்டார்கள், இன்னொரு ஊரில் குழாய் ராத்திரி முழுக்க மேசைமேல் கிடந்தது, ஒரு வருட வேலையை எதோடும் ஒப்பிட முடியாமல் போயிற்று. அன்றைக்கு அழுதேன். அப்புறம் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு விஷயம்: பல மையங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்குப் பொதுவான பரிசீலனை வைத்துக்கொள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலிலேயே இடம் இருக்கிறது, பல இளைஞர்களுக்கு அது தெரிவதில்லை. கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதையும் முதல் குழாய் எடுக்கும் முன்பே எழுதி வையுங்கள். ஊர்க்காரர்களைப் பார்க்கிற டாக்டர் பெயரும் அதில் இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை:
நன்றி அக்கா, நன்றி சங்கர். அகளியில் வருகிற சனிக்கிழமை முகாம் இருக்கிறது. உங்கள் முறையை எழுதி அனுப்பினால் எங்கள் குழாய்களை அதே நேரக் கணக்கில் பிரிக்கிறேன், கூடலூர் நண்பரையும் அப்படியே செய்யச் சொல்கிறேன். இப்போதைக்கு இரண்டு ஊர்.