ஆயிரம் வாசகர் போதுமாம், வேலையை விடலாமாம்!

கடைசிப்பக்கம்:
நேற்று நள்ளிரவுப்பேனா போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஆயிரம் உண்மையான வாசகர்கள் கிடைத்துவிட்டால் போதும், எழுத்தை நம்பியே வாழலாம்" என்கிறார். கீழே வரிசையாக இதயக்குறி வேறு. ஒருவராவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? இது அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் எழுதி, பிறகு திருத்திய கட்டுரையில் வரும் கணக்கு. ஆயிரம் பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 100 டாலர். செலவு போக உங்கள் கையில் நிற்க வேண்டிய 100 டாலர். நம்மவர் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு நூறை விட்டுவிட்டார். அமேசானின் கிண்டிலில் 2.99 டாலருக்கு மின்னூல் போட்டால், 70 சதவீதப் பங்கில் உங்களுக்கு வருவது 2.09. கோப்பின் அளவைப் பொறுத்து அதிலும் கொஞ்சம் பிடிப்பார்கள். ஒரே வாசகரிடமிருந்து நூறு டாலர் வர ஆண்டுக்கு 48 புத்தகம் எழுத வேண்டும். வாரம் ஒன்று. நான்கு வாரம் விடுமுறை உண்டு, கவலை வேண்டாம்.

நள்ளிரவுப்பேனா:
நான் 'உண்மையான' வாசகர் என்று எழுதினேன், அதாவது எதை எழுதினாலும் வாங்குகிறவர். அந்தச் சொல் மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை போலும். மின்னூல் ஒன்றுதான் வழியா? சந்தா இருக்கிறதே. மாதம் 10 டாலர் சந்தா வையுங்கள். மின்னஞ்சல் மடல் அனுப்பும் தளமான சப்ஸ்டாக் 10 சதவீதம் எடுக்கும், அட்டைக் கட்டணமும் போகும். மிஞ்சுவது ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு. கணக்கு எனக்கும் வரும். ஆயிரம் என்பது தோராயம்தான் என்று கெல்லியே சொல்லியிருக்கிறார்.

கடைசிப்பக்கம்:
ஓ, இப்போது தோராயமா? நேற்று 'போதும்' என்று அடித்துச் சொன்னீர்களே. மாதம் பத்து டாலராம்! என் சொந்தத் தம்பியே இலவசப் பிரதி கேட்கிறான்.

வரிக்குதிரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நான் புதியவன். முகநூலில் என்னை 4,200 பேர் பின்தொடர்கிறார்கள். முதல் தொகுப்பு வந்த அன்று பதிவின் கீழே 312 வாழ்த்துக்கள் விழுந்தன. அந்த வாரம் விற்றது 11 பிரதி. அதில் ஒன்று, வாங்கும் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க நானே வாங்கியது. இதில் உண்மையான வாசகர் என்று யாரைச் சொல்வது? மின்னஞ்சல் பட்டியல் ஒன்று தொடங்கலாமா?

அடைப்புக்குறி:
வாழ்த்துகள். 'க்' வராது. வாழ்த்தோடு கள்ளையும் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

பழைய_மை:
அந்தக் காலத்து அச்சுப் புத்தகங்களில் 'எழுத்துக்கள்' என்று எத்தனை இடத்தில் இருக்கிறது, தெரியுமா? இருபது வருடமாக எழுதுகிறேன், எனக்கு யாரும் இலக்கணப் பாடம் எடுத்ததில்லை. அது கிடக்கட்டும். எழுத்தைக் காசாக்குவது பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு? நான் இதுவரை ஒரு காசு வாங்கியதில்லை.

கடைசிப்பக்கம்:
வாங்கியதில்லையா, கிடைத்ததில்லையா ஐயா?

அப்புறம் அடைப்புக்குறி, உங்களிடம் வெகுநாளாகக் கேட்க நினைத்தது. போன வருடம் என் குறுநாவலுக்கு ஒரு நட்சத்திரம் போட்டது நீங்கள்தானே? கதையைப் பற்றி ஒரு வரி இல்லை. 17ஆம் பக்கத்தில் ஒற்று விடுபட்டதைப் பற்றி மூன்று பத்தி. ஆயிரம் உண்மையான வாசகரில் உங்களையும் சேர்க்க வேண்டுமா?

அடைப்புக்குறி:
17 இல்லை, 19ஆம் பக்கம். படித்ததால்தான் தெரிந்தது. வரிக்கு வரி படிப்பவனைவிட உண்மையான வாசகன் யார்?

நள்ளிரவுப்பேனா:
விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வீர் தன் 'தி மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமாகச் சொந்தத் தளத்தில் இலவசமாகத்தான் போட்டார். படித்தவர்கள் அறிவியல் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள், திருத்தினார். கிண்டிலில் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள், 2011இல் 99 சென்ட்டுக்குப் போட்டார். அதிலிருந்து அச்சுப் பதிப்பகம், திரைப்படம் எல்லாம் வந்தன. தொடங்கி வைத்தது சின்ன வாசகர் கூட்டம்தான்.

கடைசிப்பக்கம்:
99 சென்ட்டுக்கு 35 சதவீதம்தான் பங்கு. நூறு டாலருக்கு 289 புத்தகம்! நீங்கள் கொடுத்த உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். அப்போது அவர் மென்பொருள் வேலையை விடவும் இல்லை. 'ஆயிரம் பேர் போதும்' என்று அவர் எங்கே சொன்னார்? ஒருமுறையாவது?

நள்ளிரவுப்பேனா:
நான் வேலையை விடச் சொன்னேனா? 'வாழலாம்' என்றேன். வேலையில் இருந்துகொண்டும் வாழலாம்.

கடைசிப்பக்கம்:
அடடா! அதற்கு ஆயிரம் வாசகர் எதற்கு? ஒருவர்கூட இல்லாமல் வேலையில் இருந்துகொண்டு நான் வாழ்ந்துகொண்டுதானே இருக்கிறேன்.

பழைய_மை:
'கிடைத்ததில்லையா' என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கும்வரை இந்த இழையில் எழுத மாட்டேன்.

வரிக்குதிரை:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. பட்டியல் தொடங்கலாமா?

நள்ளிரவுப்பேனா:
தொடங்குங்கள் தம்பி. முகநூலில் உங்கள் பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை முகநூல்தான் முடிவு செய்கிறது. 4,200 பேரும் பார்த்தார்கள் என்று நினைக்காதீர்கள். மின்னஞ்சல் முகவரிகள் உங்கள் கையில் இருக்கும். சப்ஸ்டாக்கிலிருந்து பட்டியலைத் தரவிறக்கிக்கொண்டு வேறு இடத்துக்கும் போகலாம். யாராவது பதில் எழுதினால் அன்றே திருப்பி எழுதுங்கள். என் சந்தாதாரர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

கடைசிப்பக்கம்:
பாதி என்றால் ஐந்நூறா?

நள்ளிரவுப்பேனா:
எண்ணிக்கையை உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கடைசிப்பக்கம்:
கவனித்துக்கொள்ளுங்கள் மக்களே. ஆயிரம் போதும் என்றவர், தனக்கு எத்தனை என்று சொல்ல மாட்டாராம்.

பழைய_மை:
இன்னும் மன்னிப்பு வரவில்லை.

அடைப்புக்குறி:
எழுத மாட்டேன் என்று எழுதினீர்களே?

வரிக்குதிரை:
நன்றி அண்ணா. இப்போதுதான் தொடங்கினேன். முதல் மடலும் அனுப்பிவிட்டேன். ஒன்பது பேர் சேர்ந்தார்கள். மடல் போனதும் ஒருவர் விலகிவிட்டார்.

கடைசிப்பக்கம்:
இன்னும் 992.