'எனக்குப் புரிந்தது': ஆங்கில வினைச்சொற்களோடு உங்களுக்கு நேர்ந்தவை

மாலை வகுப்பு ஆசிரியர், நாகர்கோவில்

பன்னிரண்டு ஆண்டுகளாக ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்' என்று யாராவது சொல்லாத நாளே கிடையாது. 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' என்று திருத்துவேன். இந்த வினை நிலையைச் சொல்வது, நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்வதன்று என்று விதியையும் விளக்குவேன். எழுதிக்கொள்வார்கள். மறுநாள் அதே தவறு.

போன மாதம், செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "சார், 'எனக்குப் புரியவில்லை' என்கிறோம். 'எனக்கு' என்றால் 'டு மீ'. அப்படியிருக்க, 'ஐ' எங்கிருந்து வந்தது?"

சாக்பீசும் கையுமாக நின்றுவிட்டேன். பிறகு கரும்பலகையின் ஒரு பக்கம் புரிகிறது, தெரிகிறது, தோன்றுகிறது, விளங்குகிறது, பிடிபடுகிறது என்று எழுதினேன். எல்லாவற்றுக்கும் முன்னால் 'எனக்கு'. மறுபக்கம் அண்டர்ஸ்டாண்ட், நோ (அறிதல்), திங்க், கிராஸ்ப். எல்லாவற்றுக்கும் முன்னால் 'ஐ'. தமிழில் புரிதல் நம்மைத் தேடி வருகிறது; ஆங்கிலத்தில் ஆள் போய் அதைப் பிடித்துவருகிறான். பிள்ளைகளின் தவறுக்கு வேர் எங்கே இருக்கிறது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப்போல் பேசியதுதான். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் 'மீதிங்க்ஸ்' என்ற சொல்லுக்கு 'நான் நினைக்கிறேன்' என்று பொருள் எழுதிக் கடந்துவிடுகிறோம். அதன் நேர்ப்பொருள் 'எனக்குத் தோன்றுகிறது'. அதிலுள்ள 'திங்க்', தோன்றுதலைக் குறித்த ஒரு பழைய வினை. நினைத்தலைக் குறித்த வினையோடு ஒலி நெருங்கிக் கலந்து மறைந்துபோனது. 'இட் சீம்ஸ் டு மீ' என்பதில் அந்த 'எனக்கு' இன்னும் இருக்கிறது.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

நர்ஸ், அபர்தீன், ஸ்காட்லாந்து

சார், வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தக்கலை. என்னை வீழ்த்திய சொல் 'டவுட்'.

இங்கே பணியில் சேர்ந்த இரண்டாவது வாரம். இரவுப் பணி முடிந்து நோயாளிகளை ஒப்படைக்கும்போது, ஒரு பாட்டியைப் பற்றி 'ஐ டவுட் ஷி ஹாஸ் அன் இன்ஃபெக்ஷன்' என்றேன். சிறுநீர்த் தொற்று இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, பாருங்கள் என்பதுதான் என் மனத்தில் இருந்தது. பொறுப்பேற்றவர் லண்டன்காரர். தொற்று இருக்க வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொண்டார். அன்றிரவு நான் திரும்பி வந்து பார்த்தால், சிறுநீர் மாதிரியே சோதனைக்கு அனுப்பப்படவில்லை. உடனே அனுப்பினோம். தொற்று இருந்தது. பாட்டி குணமாகிவிட்டார், ஆனாலும் ஒரு பகல் முழுக்க அவர் வேதனைப்பட்டது என் ஒரு சொல்லால்தானே என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

நம் 'சந்தேகம்' இரு பக்கமும் வெட்டும். 'அவன் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டான். 'அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்' என்றால் எடுத்திருப்பான். ஆங்கிலத்தில் முதலாவது 'டவுட்', இரண்டாவது 'சஸ்பெக்ட்'. இன்று என் குறிப்பேட்டில் 'டவுட்' என்ற சொல்லே கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து, உள்ளூர்த் தாத்தா ஒருவர் ஜன்னல் வழியே கருமேகத்தைப் பார்த்து 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்றார். மழை வரும்போல் இருக்கிறது என்கிறார்! ஸ்காட்லாந்துப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு நம் பொருளும் உண்டாம். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கப்பல் பணியாளர், தங்கச்சிமடம்

அக்கா, படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. எனக்கு வாய்த்தது நல்ல அனுபவம்.

பயிற்சியில் பழைய கடல் வரைபடம் ஒன்றை விரித்து, ஆழமெல்லாம் 'ஃபேதம்' கணக்கு, ஒரு ஃபேதம் ஆறடி என்றார்கள். எனக்கு அப்பா கண்முன் வந்தார். வள்ளத்தின் ஓரத்தில் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவார். அடி தட்டியதும் மேலே இழுத்து, இரண்டு கைகளையும் விரித்து, சொட்டச் சொட்ட அந்தக் கயிற்றை மார்புக்குக் குறுக்கே பிடித்து அளப்பார். ஒரு விரிப்பு ஒரு பாகம். "ஐந்து பாகம்" என்பார்.

அகராதியைப் புரட்டினால், 'ஃபேதம்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருளே விரித்த கைகள், தழுவல் என்று இருக்கிறது. பிறகு கடலின் அளவு, அதன் பிறகே ஒன்றன் ஆழத்தைப் புரிந்துகொள்வது. 'ஐ கான்ட் ஃபேதம் இட்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அப்பாவின் ஈரக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஓர் அணைத்திட்ட அறிக்கையில், மனத்தில் உருவாக்குதல் என்ற பொருளில் 'கன்சீவ்' வந்தது. 'திட்டம் கருக்கொண்டது' என்று எழுதினேன். கர்ப்பத்துக்குச் சொல்வதை அணைக்குச் சொல்வதா என்று சரிபார்த்தவர் அடித்துவிட்டார். கதைக்கு 'கதைக்கரு' என்கிறோமே என்று வாதாடியும் பலனில்லை. இன்றும் என் பக்கம்தான் நியாயம் என்று நம்புகிறேன். ஆங்கிலச் சொல்லும் அந்த இரண்டு பொருளையும் சேர்த்தே சுமக்கிறது.

ஆசிரியர் சொன்ன 'பிடித்துவருவது' மிகச் சரி. 'கன்சீவ்', 'பர்சீவ்' (உணர்ந்தறிதல்) இரண்டும் 'எடு' என்னும் லத்தீன் வினையிலிருந்தும், 'காம்ப்ரிஹெண்ட்' (புரிந்துகொள்ளுதல்) 'பற்று' என்னும் லத்தீன் வினையிலிருந்தும் வந்தவை. ஆனால் தமிழ்ப் பட்டியலில் ஒரு குறை, ஐயா. நினைக்கிறேன், உணர்கிறேன், அறிவேன் எல்லாம் 'நான்' கேட்கும் வினைகள். தமிழில் இரண்டு வழியும் உண்டு.

மாலை வகுப்பு ஆசிரியர், நாகர்கோவில்

அம்மா, திருத்தத்தை ஏற்கிறேன். நேற்று கரும்பலகையில் 'நான்' என்று மூன்றாவது வரிசை போட்டு அவற்றை எழுதினேன். நர்ஸ் அம்மாவின் 'டவுட்' கதையைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை.

முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தத் தம்பி பலகை அருகே நின்றான். 'இமேஜின்' தமிழில் எந்த வரிசை என்று கேட்டான். 'நான் கற்பனை செய்கிறேன்' என்று மூன்றாவது வரிசையில் எழுதினான். முதல் வரிசைக்குப் போய் 'எனக்குக் கற்பனை வருகிறது' என்றும் எழுதினான். இரண்டையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, எதையும் அழிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.