ரோமர் 3:28-ஆ யாக்கோபு 2:24-ஆ, வீட்ல ஒரே பஞ்சாயத்து

பாறசாலைக்காரன்:
நாங்க சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை), வீட்டுக்காரி ஆர்சி (ரோமன் கத்தோலிக்கம்). போன வாரம் வீட்ல ஜெபம் வச்சப்போ போதகர் ரோமர் 3:28 எடுத்து, கிரியை (நம்ம செயல்) இல்லாம விசுவாசத்தாலதான் மனுஷன் நீதிமான் ஆவான்னு சொல்லிட்டு காப்பி குடிச்சிட்டு போயிட்டாரு. மாட்டிக்கிட்டது நான். மாமி செவ்வாய் தோறும் அந்தோணியார் குருசடில (சின்ன கோயில்) பொதிச்சோறு குடுப்பாங்க, வாழையிலைய அனல்ல வாட்டி, சோத்துக்கு நடுவுல ஒரு மீன் துண்டு ஒளிச்சு வச்சு கட்டுவாங்க. "அப்போ நான் குடுக்கதெல்லாம் சும்மாவா மக்கா"ன்னு கேட்டுட்டு யாக்கோபு 2:24-ஐயும் காட்டுகாங்க, விசுவாசத்தால மட்டும் இல்ல, கிரியையாலயும்தான் மனுஷன் நீதிமான் ஆவான்னு அதுல கிடக்கு. ரெண்டும் நேர் எதிர்தானே?

மார்த்தாண்டம் லூத்தரன்:
இல்ல அண்ணே. ரோமர் எழுதுன பவுலு, யாக்கோபு, ரெண்டு பேரும் ஆபிரகாமத்தான் சாட்சிக்கு கூப்பிடுகாங்க, ஆனா காலம் வேற. பவுல் எடுக்கது ஆதியாகமம் 15:6, ஆபிரகாம் விசுவாசிச்சாரு, கர்த்தர் அத நீதியா எண்ணினாரு, அப்போ மகன் ஈசாக்கு பொறக்கல, விருத்தசேதனம் (சுன்னத்து)கூட 17-ம் அதிகாரத்துலதான் வருது. யாக்கோபு எடுக்கது 22, ஈசாக்க பலிபீடத்துல கிடத்துனது, அது எத்தனையோ வருஷம் பொறவு. எதிராளியும் வேற. விருத்தசேதனம் பண்ணாத்தான் புறஜாதிக்காரன (யூதர் அல்லாதவன) சேப்போம்னு நின்னவங்ககிட்ட பவுல் மல்லுக்கட்டுகாரு, துணி இல்லாதவன பாத்து "சமாதானத்தோடே போ"ன்னு வெறுங்கையா அனுப்புறவன யாக்கோபு பிடிக்காரு. மாமிகிட்ட எபேசியர் 2:8, 9-ஓட (அருளால ரட்சிப்பு, கிரியையால இல்லன்னு சொல்லுகது) நிறுத்தாம 10-ம் படிங்க, நற்கிரியை செய்யத்தான் நம்மள படைச்சிருக்குன்னு அங்கயே கிடக்கு. பாதி பிரசங்கம் 9-லயே நின்னுருது.

முளகுமூடு ஆர்சி:
சகோ, நாங்க சோறு குடுத்து மோட்சம் வாங்குறோம்னு நெனைக்காதீங்க. 1547-ல எங்க கத்தோலிக்க சபையோட திரிதெந்து சங்கமே, நீதிமான் ஆகுறதுக்கு முந்தி உள்ள விசுவாசமோ செயலோ எதுவும் அந்த அருளை சம்பாதிக்காதுன்னு சொல்லியிருக்கு. அதே சங்கம் விசுவாசம் மட்டும் போதும், நம்ம ஒத்துழைப்பே வேண்டாம்ங்கிறதையும் தள்ளியிருக்கு, அத மறைக்கக்கூடாது. பொறவு 1999 அக்டோபர் 31-ல ஆக்ஸ்பர்க்ல கத்தோலிக்கரும் லூத்தரனும் சேந்து கையெழுத்து போட்டாச்சு, நம்ம தகுதியால இல்ல, அருளால மட்டுமே, கிறிஸ்துவோட மீட்புல வைக்க விசுவாசத்தால கடவுள் நம்மள ஏத்துக்குறாருன்னு. 2006-ல மெதடிஸ்ட்டும் (இன்னொரு புராட்டஸ்டன்ட் சபை) சேந்தாங்க. எல்லாம் தீரலதான், மனுஷன் நீதிமான் ஆன பொறவும் அவன்ல பாவம் இருக்குன்னு லூத்தரன் சொல்லுகதுல இன்னும் இழுபறி உண்டு.

பாறசாலைக்காரன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. மாமிக்கு வாசிச்சு காட்டினேன். 10-ம் வசனத்த ரெண்டு தடவ வாசிக்க சொன்னாங்க, 1999 கையெழுத்த அவ்வளவா கண்டுக்கல. அடுத்த ஜெபத்துக்கு போதகர்கிட்ட அவங்களே கேப்பாங்களாம்.