எட்டுத் தோட்டா ரிவால்வருக்கு எந்த உறை: .38 ஸ்பெஷலா, .38 ஷார்ட் கோல்ட்டா?

சாட்ஸ்வர்த் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். ஐப்சிக் (IPSC) எனும் சர்வதேசத் துப்பாக்கி சுடும் அமைப்பின் விதிகளின்படி நடக்கும் போட்டிகளில் ரிவால்வர் பிரிவில் கலந்துகொள்கிறேன். என்னிடம் இருப்பது எட்டுத் தோட்டா கொள்ளும் .357 மேக்னம் ரிவால்வர். அதன் சிலிண்டர், எட்டுத் தோட்டாக்களையும் வட்டமாகச் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய தகடான மூன் கிளிப்புக்கு ஏற்றபடி கடைந்தெடுக்கப்பட்டது. தோட்டாக்களை வீட்டிலேயே .38 ஸ்பெஷல் உறைகளில், அதாவது மருந்தும் குண்டும் வைக்கும் வெற்றுக் கூடுகளில், நிரப்பிக்கொள்கிறேன். உறைகள் சுடுதளத்தில் பொறுக்கிச் சேர்த்தவை. உள்நாட்டுத் தயாரிப்பான பி.எம்.பி. முத்திரை உள்ளவையும் உண்டு, அமெரிக்க, ஐரோப்பிய முத்திரைகள் உள்ளவையும் உண்டு, நிக்கல் பூசியவையும் கலந்திருக்கின்றன. குண்டு 158 கிரெயின் எடையுள்ள, மேற்பூச்சிட்ட ஈயக் குண்டு.

நிதானமாகச் சுடும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. போட்டி வேகத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. கிளிப்பைச் சிலிண்டருக்குள் விடும்போது ஒன்றிரண்டு தோட்டாக்கள் அறையின் வாயில் தட்டி நின்றுவிடுகின்றன. சில கிளிப்புகள் முழுவதும் உள்ளே போன பிறகும் சிலிண்டர் இறுக்கமாகவே சுழல்கிறது. சுட்டு முடித்து, உறைகளை வெளியே தள்ளும் எஜெக்டர் தண்டை அடித்தால், எட்டு உறைகளும் சேர்ந்து விழாமல் கிளிப் பாதி வழியில் தொங்குகிறது. இவற்றோடு எப்போதாவது ஒரு பிரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிக்காமலும் போகிறது.

.38 ஷார்ட் கோல்ட் உறைக்கு மாறினால் எல்லாம் தீரும் என்கிறார்கள் நண்பர்கள். அந்த உறை தென்னாப்பிரிக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இன்றைய ரேண்டு மதிப்பில் அது சிறிய செலவன்று. தைப்பூசக் காவடி முடிந்த கையோடு எங்கள் வட்டாரத்தில் போட்டி இருக்கிறது. வாங்குவதற்கு முன் நான் எதைச் சோதிக்கவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:

தம்பி, நீங்கள் சொன்ன நான்கு தொல்லைகளில் குறைந்தது மூன்றுக்கு உங்கள் உறைகளின் கலப்பே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பணத்தைச் செலவழிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

மூன் கிளிப் உறையைப் பிடிப்பது விளிம்புக்கு மேலே உள்ள சிறு பள்ளத்தில். அந்தப் பள்ளத்தின் அகலமும் ஆழமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சில .38 ஸ்பெஷல் உறைகளில் பள்ளம் என்று சொல்லும்படி ஒன்றுமே இராது. .38 ஸ்பெஷல் 1898-இல் பிறந்தபோது அது விளிம்பாலேயே அறையில் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. கிளிப் என்ற எண்ணமே அப்போது இல்லை. ஆகவே எட்டு உறைகளும் ஒரே முத்திரையாக இல்லாவிட்டால், ஒன்று தளர்ந்து தொங்கும், அடுத்தது விறைத்து நிற்கும். தொங்குவது அறையின் வாயில் தட்டும். விறைத்தது பக்கத்து அறைக்குள் நேராகப் போகாது.

இதைக் கையிலேயே கண்டுகொள்ளலாம். பிரைமரும் மருந்தும் இல்லாமல், குண்டு மட்டும் பொருத்திய எட்டுப் போலித் தோட்டாக்களைக் கிளிப்பில் மாட்டி, கிளிப்பின் நடுவில் விரலை வைத்துத் தலைகீழாகப் பிடித்து மெல்ல அசையுங்கள். எட்டுக் குண்டு முனைகளும் ஒரே அளவு அசையவேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்த உறையின் அடியைத் திருப்பி முத்திரையைப் படியுங்கள். குற்றவாளி யார் என்பது அங்கேயே எழுதியிருக்கும். பிறகு வெறும் கிளிப்பைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து ஓரங்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஏதேனும் ஓர் ஓரம் ஆடினால் கிளிப் வளைந்துவிட்டது என்று பொருள். உங்கள் சிலிண்டர் இறுகுவதற்கு அதுவே போதும். உறையை உரிய கருவியால் கழற்றாமல் கையால் நெம்பி எடுப்பவர்களின் கிளிப்புகள் சீக்கிரம் வளையும். எஃகுக் கிளிப்புகளுக்கு நம் கடலோரக் காற்றும் பகை. எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

வெடிக்காத பிரைமருக்கு மூன்று இடங்களைப் பாருங்கள்: பிரைமர் உறையின் அடியோடு சமமாகவோ சற்றே தாழ்ந்தோ முழுமையாக அமர்ந்திருக்கிறதா, கிளிப்பில் உறை முன்னும் பின்னும் நகர்கிறதா, விசை இழுப்பை இலகுவாக்க ஸ்பிரிங்கை மெலிதாக்கியிருக்கிறீர்களா. மூன்றாவது உண்மையானால் ஃபெடரல் பிரைமரைப் பயன்படுத்துங்கள். ரிவால்வர் சுடுபவர்கள் அதைத் தேடி வாங்குவதற்குக் காரணம், மெல்லிய அடிக்கும் அது வெடிப்பதே.

டோங்காட் வாசகர்:

ஐயா சொன்ன சோதனைகள் சரியானவையே. ஆயினும் ஷார்ட் கோல்ட்டின் பக்கத்தையும் நியாயமாக எடுத்துவைக்க விரும்புகிறேன், ஏனெனில் எட்டுத் தோட்டா ரிவால்வருடன் போட்டிக்கு வரும் பலரும் அதற்கு மாறியதில் காரணம் இருக்கிறது.

நீளத்தைப் பாருங்கள். .357 மேக்னம் உறை சுமார் 32.8 மில்லிமீட்டர்; .38 ஸ்பெஷல் 29.3; .38 ஷார்ட் கோல்ட் 19.4 மட்டுமே, ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் பாரபெல்லம் உறையின் நீளம். பல ரிவால்வர்களில் எஜெக்டர் தண்டின் வீச்சு நீண்ட உறையை முழுவதும் வெளியே தள்ளப் போதாது. எஞ்சியதைப் புவியீர்ப்புதான் செய்யவேண்டும். குட்டையான உறையைத் தண்டே முழுவதும் வெளியேற்றிவிடும். உள்ளே விடுவதும் அப்படியே. அமெரிக்க ரிவால்வர் வீரர் ஜெர்ரி மிக்குலெக் 1999-இல் ஆறு தோட்டா சுட்டு, மாற்றி நிரப்பி, மீண்டும் ஆறு சுட்டு 2.99 நொடியில் முடித்தது .45 ஏ.சி.பி. ரிவால்வரில், குட்டையும் பருமனுமான அந்தத் தோட்டா கிளிப்போடு அறைக்குள் தானாக வழுக்கி இறங்கும்.

இன்னொரு நன்மை மருந்தைப் பற்றியது. பவர் ஃபேக்டர் என்பது குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண். மைனர் எனப்படும் சிறு நிலைக்கு நமக்கு 125 போதும்: 158 கிரெயின் குண்டு நொடிக்கு 800 அடி போனால் 126.4 வரும். இதற்குத் தேவையான சிறிதளவு மருந்து .38 ஸ்பெஷல் உறையின் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தால் குண்டின் பக்கம் சரியும், உயர்த்தினால் பிரைமரின் பக்கம் சரியும். வேகம் அதற்கேற்ப ஏறி இறங்கும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் மேசையில் மயிரிழையில் தவறுபவர்களுக்கு இது தெரிந்த கதை. சிறிய உறையில் மருந்து அசைய இடமில்லை.

எச்சரிக்கையும் சொல்லவேண்டும். உறை சிறியது என்பதால் அழுத்தம் மிக விரைவாக ஏறும்; குண்டு சற்று ஆழமாக அமர்ந்தாலே போதும். .38 ஸ்பெஷல் மருந்தளவை விகிதம் போட்டுக் குறைத்துப் பயன்படுத்துவது ஒருபோதும் கூடாது. ஷார்ட் கோல்ட்டுக்கு வெளியான பழைய அளவுகள் பழங்கால ரிவால்வர்களுக்கானவை; .357 துப்பாக்கிக்கென நிரப்பியது அப்படியொரு பழைய ரிவால்வருக்குள் போனால் பேராபத்து. பெட்டியின்மேல் அதைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

ஜொகன்னஸ்பர்க் வாசகர்:

தம்பி டோங்காட் சொன்ன நன்மைகளை மறுக்கவில்லை. செலவை முழுதாகக் கணக்கிடச் சொல்கிறேன். உறையோடு முடிவதில்லை. உறையின் வாயைக் குண்டின்மேல் இறுக்கும் அச்சான சாதாரண .38 கிரிம்ப் டை அத்தனை தாழ இறங்காது. டையைக் குறைக்கவோ வேறு வாங்கவோ வேண்டும். நீண்ட குண்டு குட்டை உறையின் தடித்த அடிச்சுவரைத் தொட்டால் உறை வெளிப்புறம் புடைத்து அறைக்குள் போகாது. ஆகவே குண்டையும் மாற்றவேண்டிவரலாம். சுட்டபின் உறை வாய்க்கு முன்னால் அறையில் கரி வளையம் படியும். ஷார்ட் கோல்ட் சுட்ட ரிவால்வரில் அடுத்த வாரம் .38 ஸ்பெஷல் போட நினைத்தால், அந்த வளையம் நடுவழியில் மறிக்கும். அதை எடுக்கப் பித்தளைத் தூரிகையும் பொறுமையும் வேண்டும்.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரைமரையும் முழுத் தோட்டாவையும்தான் ‘அம்யூனிஷன்’ (ammunition) என்று வரையறுக்கிறது. வெற்று உறையை அன்று. ஆனாலும் குறிப்பிட்ட உறை தீர்ந்துபோனால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்கவேண்டும். .38 ஸ்பெஷல் எந்தச் சுடுதளத்திலும் கிடைக்கும். ஒரே முத்திரையில் சில நூறு உறைகளைப் பிரித்தெடுத்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, போட்டிக்கென்று தனியே வைப்பதே என் பரிந்துரை. நிக்கல் பூசியவை அறைக்குள் நன்றாக வழுக்கும், ஆனால் வாய் விளிம்பில் விரைவில் பிளவு விடும். அவற்றைப் பயிற்சிக்குக்கூட நான் சேர்ப்பதில்லை.

சாட்ஸ்வர்த் வாசகர்:

ஐயா, அண்ணன்மார்களே, நன்றி. அசைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்தேன். ஒரே ஐரோப்பிய முத்திரை உள்ள உறைகள் மட்டும் எல்லாக் கிளிப்புகளிலும் விறைத்து நின்றன. காலிப்பரில் அவற்றின் பள்ளம் மற்றவற்றைவிட ஆழம் குறைவாக இருந்தது. இரண்டு கிளிப்புகள் கண்ணாடியில் ஆடின. அவற்றை எல்லாம் விலக்கி, பி.எம்.பி. உறைகளை மட்டும் வைத்துப் பயிற்சி செய்தபோது சிலிண்டர் இறுக்கம் போய்விட்டது, உள்ளே விடுவதும் இலகுவானது. ஸ்பிரிங் இலகுவானதுதான், பிரைமரை மாற்றப்போகிறேன். உறைகள் பாதியில் தொங்குவது மட்டும் குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:

அது உறையின் பிழையாக இராது. அறைகளைத் துலக்கிவிட்டு, குழாய் முனை வானத்தை நேராகப் பார்க்கும்படி துப்பாக்கியை நிமிர்த்தி, உள்ளங்கையால் தண்டை ஒரே அடியாக அடியுங்கள். சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தள்ளினால் கடைசி உறை நழுவாது; எரியாத மருந்துத் துகள், தண்டின் தலையில் உறைகளைத் தூக்கும் எஜெக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் புகுந்து அடுத்த சுற்றில் சிலிண்டரை இறுக்கவும் செய்யும். காவடிப் போட்டிக்கு இந்த .38 ஸ்பெஷல் உறைகளோடு போங்கள். அதன் பிறகும் நேரம் குறைக்கவேண்டும் என்று தோன்றினால், தம்பி டோங்காட்டிடம் சில ஷார்ட் கோல்ட் வெற்று உறைகளைக் கடன் வாங்கிப் போலித் தோட்டா செய்து, அதே கிளிப்பில் மாற்றி நிரப்பிக் கடிகாரத்தில் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கையில் தெரிந்தால் அப்போது வாங்கலாம்.