மின்னகத்துக்கு (தமிழ்நாடு மின்வாரியத்தோட புகார் கால் சென்டர்) போன் பண்ணி பேசின அனுபவம் இருக்கா? இங்க சொல்லுங்க

போன ஐப்பசி மழைல ராத்திரி எங்க தெரு முனைல வேப்பமரக் கிளை முறிஞ்சு கரண்ட் லைன் அறுந்து ரோட்டுல கெடந்துச்சு, தண்ணி வேற தேங்கி நிக்குது, அப்பா டார்ச்சோட தள்ளி நின்னு வர்ற பைக்க எல்லாம் திருப்பி விட்டுட்டு இருந்தாரு. நான் 94987 94987க்கு அடிச்சேன். எடுத்த அக்கா சர்வீஸ் நம்பர் கேக்குறதுக்கு முன்னாடியே "பக்கத்துல யாரும் போக வேணாம் சார், முதல்ல தள்ளி நிக்க சொல்லுங்க"ன்னாங்க. அப்புறம் கரண்ட் அட்டைய பாத்து சர்வீஸ் நம்பர சொன்னேன், உடனே எங்க செக்‌ஷன் ஆபீஸ் பேர அவங்களே சொல்லிட்டாங்க (முதல் ரெண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூணு செக்‌ஷன்). கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் சப்ளைய நிறுத்திட்டாங்க, விடியறதுக்குள்ள லைன்மேன் வந்து இழுத்து கட்டிட்டு போனாரு.

2021 ஜூன்ல மின்னகம் ஆரம்பிச்சப்ப ஷிப்டுக்கு 65 பேர், மூணு ஷிப்ட். மூணு கோடிக்கு மேல கனெக்‌ஷன் இருக்குற ஊர்ல சாதாரண நாளைக்கு சரி, ஆனா புயல்னா எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடுவாங்க. மழைக்காலத்துக்காவது ஆள் கூட்டியே ஆகணும்.

—

அண்ணா, நான் சென்னைல இங்கிலாந்து கரண்ட் கேஸ் கம்பெனி ஒண்ணுக்கு கால் எடுத்தவ, பேரு வேணாம். 2022 ஏப்ரல்ல அங்க விலை உச்சவரம்பு (கம்பெனி அதுக்கு மேல விலை வாங்கக் கூடாதுங்கிற அளவு) 54 சதவீதம் ஏறுச்சு, சராசரி வீட்டுக்கு வருஷத்துக்கு 1,277 பவுண்டுல இருந்து 1,971. கால் குவிஞ்சதும் அவசர அவசரமா ஆள் எடுத்தாங்க, பாதி பேருக்கு ட்ரெய்னிங்கே முடியல. ஒரு பாட்டி ப்ரீபெய்ட் மீட்டர்ல ரெண்டு பவுண்டு தான் இருக்கு, ஹீட்டர் போடவா வேணாமான்னு கேக்குறாங்க, என் பக்கத்து சீட் பொண்ணுக்கு எமர்ஜென்சி கிரெடிட் (காசு தீந்தா மீட்டர்ல கடனா போட்டு விடுறது) எப்படி குடுக்குறதுன்னே தெரியாது, சூப்பர்வைசர தேடி ஓடுது, பாட்டி லைன்லயே நிக்கிறாங்க. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, ஒரு வாரம் பழைய ஆள் பக்கத்துல உக்காந்து கால் கேட்டிருந்தா அதுவே பண்ணிருக்கும்.

அதனால கூட்டுறதா இருந்தா ஆகஸ்ட்லயே எடுக்கணும், பருவமழை அக்டோபர்ல வந்துடும். அந்த அக்கா முதல்ல "தள்ளி நிக்க சொல்லுங்க"ன்னு சொன்னாங்கல்ல, புதுசா வர்றவங்களுக்கு அத தான் முதல் நாள்லயே சொல்லிக் குடுக்கணும். மின்னகத்துல வேலை பாக்குறவங்க யாராவது இங்க இருந்தா உங்களுக்கு எத்தன நாள் ட்ரெய்னிங் குடுத்தாங்கன்னு சொல்லுங்களேன்.