இரண்டு கதவு ஹெரால்டும் புது ஸ்விஃப்டும்: மாசி வீதி முதல் சிறுமலை வரை

பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் என்னுடைய 2024 ஸ்விஃப்டும் ஒரே வாசலில் நிற்கின்றன. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவதால் எழுதுகிறேன். 1959-இல் இங்கிலாந்தில் இதன் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டு வந்தபோது, பின்பக்கக் கூரை தாழ்ந்த கூப்பே வடிவமும் இருந்தது. மெட்ராஸில் ஸ்டாண்டர்டு நிறுவனம் இங்கே தயாரித்தது இரண்டு கதவு சலூன், அதாவது சாதாரணக் கூரை வைத்த கார். உருவம் என்னவோ அதே இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலொட்டியின் கைவண்ணம்தான்.

நீளத்தில் இரண்டு கார்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பழையதுதான் இரண்டு விரற்கடை கூட. ஆனால் மதுரை கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் லாரி குறுக்கே நின்றுவிட்டால் தெரியும் சேதி. ஹெரால்டு சுமார் 7.6 மீட்டர் வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். ஸ்விஃப்டுக்கு 9.6 மீட்டர் வேண்டும். அகலத்திலும் ஹெரால்டு 20 சென்டிமீட்டர் குறைவு. நான் பின்னால் வண்டிகளை ஒதுங்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கும் இடத்தில் பெரியப்பா ஒரே ஒடிப்பில் திருப்பிக்கொண்டு போய்விடுவார். இத்தனைக்கும் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி.

பானெட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முன்பக்கத் தகடு முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து, முதலை வாயைப் போல முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றுவார். அந்த 948 சிசி எஞ்சினில் கை போகாத மூலை எதுவும் இல்லை. ஸ்விஃப்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் கணினியை மாட்டுகிறார்கள். என்ன கோளாறு என்பதை அது சொன்ன பிறகுதான் ஸ்பேனருக்கு வேலை.

மலைப்பாதையில் கதை மாறிவிடும். ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில் (சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் அச்சு), குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங் (தகடுகளை அடுக்கிய பட்டை வில்). சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் வேகமாகப் புகுந்து திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். "வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு தம்பி, உள்ளே போன பிறகு காலை எடுக்காதே" என்று பெரியப்பா சொல்லாத நாள் இல்லை. அந்தக் காரில் டிரம் பிரேக். சீட் பெல்ட்டும் இல்லை. ஸ்விஃப்டில் 6 ஏர்பேக், ஏபிஎஸ், சறுக்கினால் தானே சரிசெய்யும் ஏற்பாடு. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போக வேண்டுமென்றால் நான் யோசிக்கவே மாட்டேன், புதிய கார்தான்.

நத்தம் பறக்கும் பாலத்தின் 7.3 கிலோமீட்டரும் ஸ்விஃப்டில் ஏசி காற்றில் போவது தெரியாமல் போய்விடும். ஹெரால்டில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் பாலம் முடியும்வரை எஞ்சின் பேச்சுத்தான். எனக்கு அது பிடிக்கும், பெரியம்மாவுக்குப் பிடிக்காது. முன்சீட்டை மடித்துப் பின்னால் நுழைவதும் அவருக்கு ஆகாது. நிறுவனத்துக்கே அது புரிந்திருக்க வேண்டும், பிற்பாடு நான்கு கதவு போட்டார்கள்.

ஹெரால்டு வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மேல்தகடுகளெல்லாம் போல்ட் போட்டவை, கழற்றி மாற்றிக்கொள்ளலாம். கீழே படுத்து சேசிஸின் (அடிச்சட்டத்தின்) பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். செலவு வைப்பது அங்கே பிடித்திருக்கும் துருதான். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்பதால், அவற்றை மாற்றிய பிறகே தூரப் பயணம் போங்கள்.